புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய வெர்லீன் அக்காவுக்கு, தம்பி லிண்டெல் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் ரொசெட்டாவும் பிள்ளைகள் இரண்டும் நலம். நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் நலம். மிசிசிப்பியில் உன் நலம், ஹூபர்ட் அத்தானின் நலம், அவருடைய இடது முழங்காலின் நலம், டயர் கடையின் நலம் எல்லாம் அறிய ஆவல். தேவாலயத்தில் என்னை விசாரித்தவர்கள் அனைவருக்கும் என் அன்பைச் சொல். விசாரிக்காதவர்களுக்கும் சொல், பாவம்.

போனில் நான் நாலு தடவை "வேலையை விட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி நாலு தடவையும் வராமல் போனதால், இந்த முறை எழுத்தில் இருந்தால்தான் நம்புவேன் என்று அத்தான் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். நியாயம்தான். எழுத்திலேயே தருகிறேன். நான் இந்த அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் வேலையை விடுகிறேன். செப்டம்பர் முதல் திங்களன்று வருகிற தொழிலாளர் தினத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, டயர் கடை வாசலில் நிற்பேன். மேலாளர் நாற்காலியை அத்தானின் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட வேண்டாம். இந்தக் காகிதங்களின் பின்பக்கம் வட்டமும் பெருக்கல் குறியுமாக இருக்கும், பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் எதிரணி எப்படி ஓடும் என்று வரைந்து கொடுப்பதுதான் என் உத்தியோகம். பெயர் தற்காப்புப் பிரிவின் துணைப் பயிற்சியாளருக்குத் துணை. வேலை பென்சில் சீவுவது. அறை, முன்பு ஹெல்மெட் வைத்திருந்த அலமாரி அறை. இன்னும் வியர்வை நாற்றம் போகவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், மறந்திருந்தால் நல்லது. பதினைந்து வருஷத்துக்கு முன், கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற டிராஃப்ட் நடந்த மூன்று நாளும் நம் வீட்டுக் கூடத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. முப்பத்திரண்டு அணிகள், ஏழு சுற்று, இருநூற்றைம்பதுக்கு மேல் பெயர் படித்தார்கள். நீ கேரமல் கேக் செய்து, "வாழ்த்துகள் லிண்டெல்" என்று எழுதி, அதற்குக் கீழே அணியின் பெயர் எழுத இடம் விட்டு, சர்க்கரைக் குழைவு நிரப்பிய பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு டிவி முன்னால் நின்றாய். வெள்ளிக்கிழமை நின்றாய், சனிக்கிழமையும் நின்றாய். ஐந்தாவது சுற்றில் போன் அடித்தது. போதகர் எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டார். கூப்பிட்டது அத்தான்தான், கடையிலிருந்து, இன்னும் ஐஸ் வேணுமா என்று கேட்டார். கடைசிப் பெயரையும் படித்து டிவியை அணைத்த பிறகு, பொரித்த மீனைக்கூட யாரும் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துக் கேட்டார்கள். எல்லாரும் போன பிறகு நிஜமாகவே ஒரு அணி கூப்பிட்டது, "யாரும் எடுக்கலேன்னா சும்மா வந்து பாரு" என்று. அதற்குள் கேக்கில் "டெல்" மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியது இது. ஐந்து வருஷம் ஆடினேன், நாலு அணி, ஏழு தடவை வெளியே அனுப்பினார்கள். நான் ஆடிய இடம் உனக்குத் தெரியும், எல்லாருக்கும் பின்னால் கடைசியாக நிற்கிறவன். முன்னால் நிற்கிற பத்துப் பேரும் கோட்டை விட்ட பிறகு, பந்தோடு வருகிறவனை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியவன். பிடித்தால் யாரும் பார்ப்பதில்லை, விட்டால் நாடே பார்க்கும். ஒவ்வொரு ஆகஸ்டு கடைசியிலும் ஆட்களைக் குறைக்கிற நாள் வரும். கதவைத் தட்டுவார்கள். "கோச் கூப்பிடுறாரு. புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா." ஆட்ட முறைகள் எழுதிய அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். இப்போது புத்தகமெல்லாம் இல்லை, எல்லாம் தட்டிப் பார்க்கிற கருவி, ஆனாலும் சொல்வது அதே வாசகம்தான். ஏழு தடவை கேட்டேன். ஒரே ஒரு தடவை, மூன்றாவது அணியில், கேட்காமல் தப்பித்தேன். விடியற்காலையிலேயே துணி துவைக்கும் அறைக்குப் போய், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடிக்கொண்டிருந்தபோதே காலைப் பயிற்சியில் எனக்கு மூத்தவன் ஒருவன் கணுக்காலை உடைத்துக்கொண்டான். வெளியே அனுப்புகிற பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினார்கள். அந்த வருஷம் பதினோரு ஆட்டம் ஆடினேன், அக்கா. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அந்த இயந்திரத்துக்குப் பின்னால் எடுத்ததுதான்.

பிறகு முழங்கால் போனது, பயிற்சியாளர் ஆனேன். பத்து வருஷத்தில் ஒன்பது ஊர். தலைமைப் பயிற்சியாளரை விரட்டினால் அவரோடு சேர்த்து எங்களையும் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிவிடுவார்கள். டொலீடோவில் கட்டிய "சமையல்" என்கிற பெட்டியை ரொசெட்டா இன்னும் பிரிக்கவில்லை. காகிதத் தட்டில்தான் சாப்பாடு. சின்னவள் பள்ளிக்கூடத்தில் "என் வீடு" என்று படம் வரையச் சொன்னதற்கு அட்டைப்பெட்டி வரைந்துவிட்டு வந்தாள். ஆசிரியை ரொம்பக் கவலைப்பட்டு எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். இன்று காலை கிளம்பும்போது ரொசெட்டா சண்டை போடவில்லை, கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பெட்டியைக் காலால் தட்டிக்காட்டி, "இந்தத் தடவ பிரிக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லு" என்றாள். சாயங்காலம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இனி இன்றைய கதை. இன்றுதான் ஆள் குறைக்கிற நாள், நாலு மணிக்குள் முடிக்க வேண்டும், அதற்குள் சிக்காதவன் அணியில் தங்கிவிடுவான். ஸ்டக்கி என்று ஒருவர், எங்கள் தலைமைப் பயிற்சியாளர், காலையில் ஒரு பட்டியலை என் கையில் கொடுத்தார். தற்காப்புப் பிரிவில் பதினாலு பேர். "ஏழு தடவ வாங்கினவன் நீ, ஒனக்குத்தான் பக்குவமா சொல்ல வரும்" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கதவு கதவாகத் தட்டினேன். ஒரு அறையிலும் ஆள் இல்லை. சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்ததும் ஒரு மேசையே எழுந்து பின்வாசல் வழியாகப் போனது, அதில் பாதிப் பேர் பட்டியலிலேயே இல்லாதவர்கள். நான் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன சீஸ் ரொட்டியைத் தின்றேன்.

காரணம் யார் தெரியுமா? நான்தான். ஜூலையில் புது ஆட்களுக்கு விருந்து வைத்தபோது, யாரும் என்னிடம் பேசவில்லையே என்று, அந்தத் துணி துவைக்கும் அறைக் கதையை அவிழ்த்துவிட்டேன். கைதட்டினார்கள், இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அந்த வினை இன்றைக்கு வந்து விடிந்தது. ஒருவன் மோதிப் பழகுகிற பொம்மைகளுக்கு நடுவே பொம்மை மாதிரி நின்றான், தும்மியதால் மாட்டிக்கொண்டான். ஒருவன் ஐஸ் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்து, உதடு நீலம் பாய்ந்து, நான் வாசகத்தைச் சொன்னதும் "நன்றி கோச்" என்று எழுந்து வந்தான். நூற்று நாற்பது கிலோ எடையுள்ள ஒருவன் ஜெப அறையில் மண்டியிட்டிருந்தான். ஜெபம் பண்ணுகிறவனை எப்படிக் கூப்பிடுவது? வெளியே காத்திருந்தேன். ஒரு மணி பத்து நிமிஷம் ஜெபித்தான். என் பெயரையும் சொல்லி ஜெபித்தான், மனம் இளக வேண்டும் என்று. இளகித்தான் போனது, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒவ்வொருத்தன் முகமும் நம் வீட்டுக் கூடத்தில் அன்று என் முகம் இருந்த மாதிரியே இருந்தது. பதிமூன்று பேர், அக்கா. களைத்துவிட்டேன்.

பதினாலாவது ஆள் கெல்லம் ஓக்ஸ். நான் ஆடிய இடத்தில் ஆடுகிறவன், இவனையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, எல்லா விஷயத்திலும் நான் செய்த தப்பையே செய்கிறவன். மற்றவர்கள் என் கதையைக் கேட்டு ஆளுக்கொரு இடம் தேடினார்கள். இவன் மட்டும் கதையில் வந்த இடத்துக்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். போய்க் கதவைத் திறந்தேன். உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில், படகு மாதிரி இரண்டு செருப்பு தெரிந்தது. "இங்க யாரும் இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கதவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டக்கியிடம் ஆள் கிடைக்கவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது நல்ல சகுனம் இல்லை. "பதிமூணு பேரத் தொட்டிக்குள்ளேர்ந்தெல்லாம் புடிச்சவனுக்கு ஒருத்தன் கெடைக்கலையா? சரி, இதெல்லாம் இவங்களுக்கு யாருய்யா சொல்லிக் குடுத்தது?" என்றார். அறையில் இருந்த அத்தனை பயிற்சியாளர்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். இத்தனை ஒற்றுமையை எங்கள் தற்காப்பு வரிசையில் நான் கண்டதே இல்லை. "அப்புறம் பேசுவோம் லிண்டெல்" என்று மட்டும் சொன்னார்.

என்ன பேசப்போகிறார் என்று தெரியாத குழந்தையா நான்? கவலையே இல்லை. அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். எட்டாவது தடவை அந்த வாசகம் என் காதில் விழுந்தால், புத்தகத்தைக் கையில் கொடுத்து, கையும் குலுக்கி, விசில் அடித்துக்கொண்டு போவேன். மனசு லேசாக இருக்கிறது. டயர் யாரிடமும் ஓடி ஒளியாது. காற்று போனால் அடைக்கலாம்.

கர்த்தர் உன் கைகளையும் உன் அடுப்பையும் ஆசீர்வதிக்கட்டும். அத்தானுக்கு முழங்கால் மடங்கவும் மனசு பெருகவும் அருளட்டும். எங்கள் நாலு பேருக்கும் ஒரே ஊரில் தொடர்ந்து இரண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடக் கொடுத்துவைக்கட்டும்.

இப்படிக்கு,
இன்றுமுதல் டயர்க்காரன்,
உன் தம்பி லிண்டெல் பிரூயிட்

பி.கு.: அக்கா, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மடியில் வைத்து எழுதுகிறேன். மேலே கையெழுத்துப் போட்ட கையோடு என் கதவைத் தட்டினார்கள். அலுவலகப் பையன் ஒருவனின் குரல். "லிண்டெல் சார், கோச் கூப்பிடுறாரு. புத்தகத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு." விசில் அடிக்கலாம் என்று வாயைக் குவித்தேன். அதற்குள் கால் இரண்டும் பின்கதவு வழியாக என்னை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது, கடிதமும் கையுமாக. இப்போது துணி துவைக்கும் அறையில், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறேன். பக்கத்தில் ஓக்ஸ். "எடம் இருக்கு கோச்" என்று தள்ளி உட்கார்ந்தான்.

பயிற்சியாளர்களுக்கு நாலு மணிக் கணக்கெல்லாம் கிடையாது, எத்தனை மணிக்கும் அனுப்பலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்க முடியாமல், அவன் எந்த இடத்தில் ஒரு அடி பிந்துகிறான் என்று இந்தக் கடிதத்தின் ஓரத்தைக் கிழித்து வரைந்து காட்டினேன். இரண்டு மாசமாகச் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறாதது. பென்சிலை வாங்கி, அவனே சரியாக வரைந்து காட்டினான். புரிந்துவிட்டது, அக்கா. அழுகை வந்துவிட்டது எனக்கு, சூட்டினால் வேர்க்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதனால் நாற்காலியை அத்தானின் தங்கை மகனுக்கே கொடுக்கச் சொல், நல்ல பையன். நீ கேக்கில் எதையும் எழுதிவிடாதே. மணி மூன்று ஐம்பது. வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது, ஓக்ஸ் காலை உள்ளே இழுத்துக்கொண்டான், நானும் இழுத்துக்கொண்டேன். நாலு அடித்து, எங்கள் இருவரையும் யாரும் பிடிக்காமல் இருந்தால், வீட்டுக்குப் போய் ரொசெட்டாவிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல்லப்போகிறேன். எல்லாவற்றையும் வேண்டாம், வாணலியை மட்டும் வெளியே எடுத்து வைத்தால் போதும்.