ஆலம்பரைக்குப் போய்ச் சேராத படகு

கடலை அழகு என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கரையில் நின்று பார்த்தவர்கள். ஒரு பகல் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

எழுபதுகளில் நான் மரக்காணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். எங்கள் ஊரில் ஏரி நிரம்பினாலே பார்க்கக் கூட்டம் கூடும். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவள் வசந்தா, கணக்கு டீச்சர். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்குப் போகவிருந்தாள்.

"போறதுக்குள்ள ஒரு நாளாவது மூணு பேரும் எங்கயாவது ஜாலியா போயிட்டு வரணும்டி" என்றாள்.

மூன்றாவது ஆள் பிலோமினா, தையல் டீச்சர், உள்ளூர்க்காரி. அவளுடைய அண்ணன் அந்தோணி, பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்தார். அவரிடம் கேட்டோம்.

"ஆலம்பரைக் கோட்டைக்கு இட்டுனு போறேன் டீச்சர். கோட்டையில குந்தி சோறு துன்னுட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம். காத்து நம்ம கையில" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பினோம். நான் புது நைலெக்ஸ் புடவை, கைப்பை, குடை, புளியோதரைத் தூக்கு, உட்கார விரிக்க ஒரு பூப்போட்ட பெட்ஷீட் சகிதம் வந்து சேர்ந்தேன். அந்தோணி என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். (மரியாதைக்காரர்.)

அலையைத் தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிட்டது. அன்று காலை சாப்பிட்டது, முந்தின நாள் சாப்பிட்டது, ஆரணியில் சின்ன வயதில் சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்தன. வசந்தா ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி குடிங்க டீச்சர், சரியாயிடும்" என்று பிலோமினா கூஜாவை நீட்டினாள். பாதிக் கூஜாவைக் காலி செய்தேன். அதுதான் அன்றைய தப்பு.

கொஞ்ச தூரம் படகு நன்றாகவே போனது. பிறகு காற்று நின்றது. பாய், கொடியில் காயப்போட்ட ஈரவேட்டி மாதிரி தொங்கியது. கடல் தட்டையாகப் பளபளத்தது. வெயில் ஏறியது.

"வந்துடும்" என்றார் அந்தோணி.

வரவில்லை. அவர் துடுப்புப் போட்டுப் பார்த்தார். களைத்துப்போய், கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். வசந்தா முதலில் பாடினாள், அப்புறம் முணுமுணுத்தாள், அப்புறம் அதுவும் இல்லை. எனக்கோ கூஜாத் தண்ணீர் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் எத்தனை புதர்கள், எத்தனை மறைவிடங்கள்! வாழ்க்கையில் நான் எதற்காகவும் அப்படி ஏங்கியதில்லை.

கடைசியில் பிலோமினாவின் காதில் சொன்னேன். அவள் அசரவில்லை. "யண்ணா, அந்தப் பக்கம் திரும்பிக் குந்து. பாட்டு ஏதாவது பாடு, சத்தமா" என்றாள்.

அந்தோணி எழுந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, மாதா கோயில் பாட்டு ஒன்றை உரக்க ஆரம்பித்தார். பெட்ஷீட்டின் ஒரு முனையை பிலோமினாவும் மறுமுனையை வசந்தாவும் பிடிக்க, நான் பின்பக்க விளிம்பில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தேன்.

அந்த நிமிஷம் பார்த்துக் காற்று வந்தது.

முதலில் நிரம்பியது பெட்ஷீட்தான். வசந்தாவின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு, பூக்களெல்லாம் தெரியப் பறந்து கடலில் விழுந்தது. பாய் படீரென்று விரிந்தது. பெட்ஷீட் மறைத்திருந்த பக்கத்தில், எங்களை ஒட்டியே, மீன் பிடித்துவிட்டுத் துடுப்புப் போட்டுத் திரும்பும் ஒரு படகு. படகு நிறைய ஆண்கள். எல்லாரும் என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள்.

அவர்களில் ஒருவர் மரியாதையாகக் கையெடுத்து, "வணக்கம் டீச்சர்!" என்றார்.

வணக்கம் என்று யார் சொன்னாலும் வகுப்பறையில் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அதுவே வாயில் வந்துவிட்டது.

"உட்காருங்க" என்றேன்.

அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள்.

வந்த வேலை முடியாமலே புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு படகின் அடியில் போய்க் குறுகினேன். "அண்ணே, கரைக்கு விடுங்க. எந்தக் கரையானாலும் பரவாயில்ல" என்று அழுதேன். அந்தோணி படகைத் திருப்பினார். கரையோர அலை ஒன்று எங்களைப் பக்கவாட்டில் தூக்கிக் கவிழ்த்தது. புளியோதரை, குடை, கைப்பை, மூவரின் செருப்பு எல்லாம் போயின. இடுப்பளவுத் தண்ணீரில் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றேன். அங்கேயே என் பிரச்சினையும் தீர்ந்தது. அந்தப் பயணத்தில் நான் அனுபவித்த ஒரே சந்தோஷம் அதுதான்.

"தெக்கத்திக் காத்து டீச்சர். இதுல ஊருக்குத் திரும்ப முடியாது. நீங்க நடந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தோணி படகோடு நின்றுவிட்டார்.

முழங்காலளவுத் தண்ணீர் நின்ற உப்பங்கழியைக் கடந்து, உப்பளத்து வரப்பில் வெறுங்காலோடு நடந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை. மேலே வெயில், கீழே வெயில். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, ஊட்ட வுட்டு ஓடியாந்துட்டீங்களா?" என்றார்.

அதைக் கேட்டதும் வசந்தா வரப்பிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "பம்பாய்ல ஒரு ரூமாம்டி. ஜன்னல்கூட எதிர்வீட்டுச் செவுத்தப் பாத்தாப்லயாம். இனிமே எங்கடி வெளிய போகப்போறேன்? கடைசியா ஒரு நாள் கேட்டேன். அதுவும் இப்படி ஆச்சே!" எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. பிலோமினாவும் சேர்ந்துகொண்டாள். நடு உப்பளத்தில் மூன்று டீச்சர்கள் கட்டிக்கொண்டு அழுதோம். அந்த அம்மா தன் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் மட்டும் குடிக்கவில்லை.

வசந்தா கல்யாண மேடையில், அந்த வெயிலில் மூக்குத் தோல் உரிந்த மணப்பெண்ணாக நின்றாள். அதற்கப்புறம் மரக்காணம் பக்கம் வரவே இல்லை.

அந்தப் பயணத்தால் எனக்கு வந்த வினை வேறு. பல வருஷம் கழித்து என் மகள் கல்யாணத்துக்கு பிலோமினா வந்தாள். சம்பந்தி வீட்டார் நடுவில் உட்கார்ந்து, முழுக் கதையையும் அபிநயத்தோடு சொன்னாள். அவர்கள் ரொம்ப நல்ல மனிதர்கள், சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர்களோடு காரில் எங்கே போனாலும், பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் சம்பந்தியம்மா முன்சீட்டிலிருந்து திரும்பி, "சம்பந்தி, வண்டிய கொஞ்சம் நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்கிறார். பின்னால் பேரன் பேத்திகள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

தேவை இருக்கிறதோ இல்லையோ, நான் ஒவ்வொரு பங்கிலும் இறங்கிவிடுகிறேன்.