ப்ளக்கைப் பிடுங்கியவர் எழுதும் சிபாரிசு

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அவள் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உங்கள் முழங்காலை விசாரிக்காமல் விஷயத்துக்குப் போவது முறையல்ல என்பதால், விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

போன மாதம் போனில் "கரண்ட் போச்சு, வந்துச்சு, ஒண்ணும் ஆகலை" என்று சொன்னேனே, அதில் முதல் இரண்டும்தான் உண்மை. "அவளை வீட்ல வச்சுப் பாக்குறது பைத்தியக்காரத்தனம், ஆஸ்பத்திரியிலேயே விட்டுடலாம்" என்று நீங்கள் பிடிவாதமாக நின்ற சமயம் அது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே வண்டி பிடித்து வந்துவிடுவீர்கள் என்று மென்று விழுங்கிவிட்டேன். இப்போது வேறு வழியில்லை. வீட்டுக்கே வந்து கவனிக்கிற குழுக்களில் சிறந்த ஒன்றுக்கு வருஷா வருஷம் விருது கொடுக்கிறார்களாம். குடும்பத்தார் சிபாரிசு செய்யலாமாம். படிவம் வந்திருக்கிறது. அதில் "ஒரு சம்பவத்தை விவரிக்கவும்" என்று இருக்கிறது. இருக்கிற ஒரே சம்பவத்தில் குற்றவாளி நான்.

நம் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு பேர். நர்ஸம்மாவுக்கு உங்கள் தங்கை வைத்த பெயர் கேப்டன். உதவியாளர் நடந்தால் சத்தமே கேட்காது, அதனால் பூனை. பேச்சு போய்விட்டாலும் அவளுக்குக் குறும்பு போகவில்லை, மச்சான். எழுத்துப் பலகையை முன்னால் பிடித்தால் கண்ணாலேயே ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி மனுஷன் மானத்தை வாங்குகிறாள். நானோ முப்பத்தொரு வருஷம் போல்ட் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தவன், சும்மா இருப்பேனா, ஒரு நோட்டுப் போட்டு இவர்களுடைய குறைகளைக் குறித்து வந்தேன். நோயாளி அறையில் சிரிப்பு. வேலை நேரத்தில் பாட்டு. படுத்திருப்பவளுக்கு நகப்பூச்சு எதற்கு, அதுவும் பச்சை. ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து அவளைச் சக்கர நாற்காலியோடு மழைச்சாரலில் நிறுத்தினார்கள், என் அனுமதி இல்லாமல், ஐந்து நிமிஷம். அவள் நாக்கை நீட்டிச் சாரலை வாங்கினாள். அதையும் குறை என்றுதான் எழுதினேன்.

அந்த நாள் காலை எட்டு மணிக்குக் கேப்டன் எல்லா மிஷினையும் சோதித்து டிக் போட்டார். எட்டரைக்கு நான் சட்டை தேய்க்க வந்தேன். சளி உறிஞ்சுகிற மிஷினின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். சட்டை பிரமாதமாக வந்தது. ப்ளக்கைத் திரும்ப மாட்ட மறந்தேன். மிஷின் பாட்டுக்கு பேட்டரியில் ஓடி ஓடி, பதினோரு மணிக்குக் கரண்ட் போன அதே நேரத்தில் செத்துவிட்டது. உங்கள் தங்கையின் தொண்டைக் குழாயில் சளி அடைத்துக்கொண்டது. முகம் நீலம் பாய ஆரம்பித்தது, மச்சான். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றேன்.

கேப்டன் குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா, என்னைப் பாருங்க. ஒரு நிமிஷம் கஷ்டமா இருக்கும், நான் இங்கதான் இருக்கேன்." பூனை அதற்குள் அவளை ஒருக்களித்துப் பிடித்தாகிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று வெளியே வந்தது. "சார், மிதிங்க!" மிதித்தேன். கரண்ட் வரும்வரை நாற்பது நிமிஷம் நான் ஒருவனே மிதித்தேன். குழாய் வழிவிட்டு, அவள் முகத்தில் நிறம் திரும்பியபோதுதான் என் மூச்சும் வந்தது.

அப்புறம்தான் விஷயமே. ப்ளக் கீழே கிடந்ததைக் கேப்டன் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டீ குடிச்சீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் அவர் எழுதிய அறிக்கையைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். "ப்ளக் கழன்றிருந்தது. இதை ஏன் கழற்றக் கூடாது என்று வீட்டாருக்கு நாங்கள் சரியாக விளக்கவில்லை. தவறு எங்களுடையது." மறுநாள் அந்த ப்ளக்கில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. பூனை ஒரு மணி நேரம் உட்கார்ந்து எனக்கு மிஷின் பாடம் எடுத்தார், பரீட்சையும் வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில், தன் தவறு இது என்று தானாக எழுதிக் கொடுத்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. இவர்களோ என் தவறையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனவே இந்தச் சம்பவத்தையே படிவத்தில் எழுதப்போகிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிடுவது நியாயம். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவளை இடம் மாற்றும் பேச்சு மட்டும் வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த
மைத்துனன்

பி.கு.: கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். பலகையைக் கொண்டுவரும்படி கண்ணைக் காட்டினாள். நான் மிதித்தது நாலு நிமிஷமாம். மீதியைப் பூனை அவளைப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் காலால் மிதித்தாராம், நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேனாம். படிவம் எழுத வேண்டிய அவசியமும் இல்லையாம். நான் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைப் பலகை பிடிக்கவைத்து, பதினோரு நாள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, இன்னொரு படிவத்தைப் போன வாரமே அனுப்பிவிட்டாளாம். நகல் பார்த்தேன். "கவனிப்புப் பெறுபவரின் சிக்கலான தேவைகள் யாவை?" என்ற கேள்விக்கு எழுதியிருக்கிறாள்: "தொண்டையில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், வீட்டில் ஒரு கணவர்."