நல்லாத்தான் இருக்கேன் இனத்தார்

பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் தலைகாட்டும் ஓர் இனம் உண்டு. பறவையும் அல்ல, பூச்சியும் அல்ல. உங்களைப் போலவே இரண்டு கால், ஒரு மூக்கு. தொற்று வந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்றிருக்கும், சோதனை செய்துகொள் என்றால் மட்டும், "எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று மார்பை நிமிர்த்தும். எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? எங்கும் பார்க்கலாம். கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரில் இதில் சேராதவர்களை எண்ணுவதுதான் சுலபம். நான் அந்த எண்ணிக்கையில் வரமாட்டேன்.

அடலினை எடுத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், விற்பனைக்காக உருளைக்கிழங்கு வைத்துப் பெரோகி என்னும் கொழுக்கட்டை மடிக்கும் பெண்களில் அவள் கைதான் வேகமான கை. அவளுடைய வாயும் அப்படித்தான். தோளோடு தோள் இடிக்க அவள் பக்கத்தில் நின்று மடித்த பவுலினுக்குத் தொற்று என்று சுகாதார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். இருந்தாள். சும்மா இருந்தாளா? தன்னைத் தானே சோதித்துக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காய் ஊறுகாய் புட்டியைத் திறந்து முகர்ந்தாள், வாசனை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள், ஏற முடிந்தது. கணவன் வால்டரை அழைத்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்; அவன் அப்போதுதான் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருந்ததால், அந்த விறைத்த கைக்கு அவள் நெற்றி அடுப்பாகக் கொதித்தது. அந்தச் சோதனையை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்கு நடுவில் மகள் டாராவுக்குத் தலைப்பிரசவம் ஆனது. பேரன். அடைந்து கிடக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை போய்த் தூக்கலாம் என்று அடலின் துடித்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ்ட் எடுத்துட்டு வாம்மா. இல்லன்னா வராதே" என்றாள் மகள், போனில்.

"ஏன்டி, நான் என்ன இருமுறேனா, தும்முறேனா?"

"இருமாமலேயே அடுத்தவங்களுக்கு வந்துடுமாம்."

"எனக்கே இல்லாததை நான் எப்படிடி உனக்குக் கொடுப்பேன்?"

"அம்மா, புள்ளைக்கு இன்னும் தொப்புள்கொடிகூட விழல."

அடலின் போனை வைத்தாள். வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தாள்.

ஹாக்கி அரங்கின் வாசலில் சோதனை வரிசை. வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நர்ஸ் வரும்வரை கண்ணாடியை இறக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வைக்கவே கூடாத பலகை அது. இங்கே நடுச்சாலையில் இரண்டு பிக்கப் வண்டிகள் எதிரெதிரே வந்தால் நின்றுவிடும், கண்ணாடிகள் இறங்கும், மாடு, மழை, மருமகள் என்று பேச்சு ஒரு சுற்று வரும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க மாட்டான், அவனும் இறங்கி வந்து பேச்சில் கலந்துகொள்வான். அப்படிப்பட்ட ஊரில் பக்கத்து வரிசையில் தீவனக்கடை லாரன்ஸின் வண்டி நிற்கும்போது, அடலின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாவது! இவளுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவன் நினைக்க மாட்டானா?

இறக்கினாள். அவனும் இறக்கினான். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இவள் கீழே இறங்கிப் போய், முகக்கவசத்தைத் தாடைக்குத் தள்ளி, அவன் ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"என்ன லாரன்ஸ், நீயுமா?"

"அதை ஏன் கேக்குற! மச்சானுக்கு வந்துருச்சாம், என்னைப் புடிச்சு இங்க அனுப்பிட்டாங்க. என்னைப் பாரு, காளை மாதிரி இருக்கேன்."

"நான் மட்டும் என்ன? பேரனைத் தூக்கணும்னா மூக்குல குச்சி விட்டுக்கணுமாம்."

"நம்மளை மாதிரி ஆளுங்க வந்துதான் வரிசை இவ்வளவு நீளமாப் போச்சு. உடம்பு சரியில்லாதவன் பாவம், பின்னாடி நிக்கிறான்."

இந்த நியாயம் இருவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. லாரன்ஸ் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினான். ஒரே பொட்டலத்தில் மாறி மாறிக் கைவிட்டுக் கொரித்து, தொலியைத் துப்பி, தங்கள் ஆரோக்கியத்தைப் பற்றி ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் தூரத்திலிருந்தே கத்தினாள்: "அடலின் அம்மா! வண்டிக்குள்ள ஏறுங்க! இதென்ன கல்யாண வீடா?"

சனிக்கிழமை மாலை முடிவு வந்தது. தொற்று இல்லை. அடலின் அதைப் பரிசு வாங்கியவள் போல ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொன்னாள். ஞாயிறு காலை, கோஸ் இலையில் சுற்றி வேகவைத்த சோற்றுருண்டைகளைப் பாத்திரத்தோடு வண்டியில் ஏற்றி, சாவியைத் திருகப்போன நேரம் போன் அடித்தது. சுகாதார அலுவலகம்.

"அம்மா, தொற்று இருக்கிற ஒருத்தரோட நீங்க நெருங்கிப் பழகியிருக்கீங்க."

"பவுலின்தானே? அது பழைய கதைம்மா. எனக்கு இல்லன்னு வந்தாச்சு."

"பவுலின் இல்ல. லாரன்ஸ்."

"லாரன்ஸா? அவனுக்கு ஒண்ணுமே இல்லையே!"

"இப்பவும் ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்காரு. தொற்று மட்டும் இருக்கு. எங்க வச்சு அவரைப் பாத்தீங்க?"

அடலின் சாவியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "உங்க டெஸ்ட் வரிசையிலதான்" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும். ஆனால் 'தொற்று இல்லை' என்ற முடிவு கையில் இருக்கிறது. மகள் வீடு பத்து நிமிடத் தூரம். லாரன்ஸ் விஷயம் டாராவுக்குத் தெரியாது. எங்கள் இனத்தில் ஒருத்தி இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடலினுக்கும் தெரியும். வண்டியைக் கிளப்பினாள். தெருமுனைவரை போனாள். அங்கே நிறுத்தி மகளுக்குப் போன் செய்தாள்.

"நான் வரலடி."

"ஏம்மா? இல்லன்னுதானே வந்துச்சு? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. லாரன்ஸுக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. "போனை அவன்கிட்ட வை" என்றாள் அடலின். அவன் அழுகையை நிறுத்தும்வரை தெருமுனையிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களில் ஒன்று குறைந்துவிட்டது என்று மகிழாதீர்கள். அந்த வாரம் லாரன்ஸின் கடைக்குப் போய்வந்த வால்டரையும் அன்று மதியமே சோதனைக்கு வரச் சொன்னார்கள். "எனக்கென்ன?" என்றான் அவன்.

அது போகட்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஒருமுறை எச்சிலை விழுங்கிப் பார்த்தீர்கள் அல்லவா? தொண்டை வலிக்கவில்லை. நிம்மதி. தாராளமாக எங்களோடு வந்து சேரலாம். கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.