லெபுசாவின் பேரில் ஒரு குதிரை

சாவதற்குள் ஒரு தடவையாவது தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுவிடுவது என்று லெபுசா சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம் கோழிக்கூண்டு. உள்ளே குனிந்து கழுவிக்கொண்டிருந்தார். கழுவச் சொன்னது அவர் மனைவி மாதிபுவோ.

லெபுசா என்ற பெயருக்குள் ஆள்வது என்கிற சொல் இருக்கிறது. அவர் அப்பா நல்ல நம்பிக்கையோடுதான் அதை வைத்தார். மகனுக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது, ஆள்வதற்கு இன்னும் எதுவும் அகப்படவில்லை. செம்மறிகளின் காதில் இருப்பது மாதிபுவோவின் வெட்டுக்குறி. கோழிகள் அவளுடையவை. அடுப்பு அவள் வாங்கியது. வானொலி அவள் அண்ணன் கொடுத்தது. லெபுசாவுக்கென்று ஒரு வைக்கோல் தொப்பியும் ஒரு கம்பளிப் போர்வையும் இருந்தன. குளிர் கூடினால் போர்வையும் கைமாறிவிடும்.

ஆசைக்குக் காரணம் செமொன்கொங் ஊரில் நடக்கும் குதிரைப் பந்தயம். அந்த மலைநாட்டுக்கு ஜூலைதான் குளிர்காலம், வருஷா வருஷம் அப்போது நடக்கும். அதில் பாசோதோ என்கிற உள்ளூர் ஜாதியில் கலப்பில்லாத குதிரைகளுக்கென்று தனி ஓட்டம் உண்டு. ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு குதிரையின் பதிவுப் பத்திரத்தையும் ஒலிபெருக்கியில் ஒரு வரி விடாமல் வாசிப்பார்கள். குதிரை இன்னது, அங்க அடையாளம் இன்னது, உரிமையாளர் இன்னார். போன வருஷம் அக்கரை ஊர்த் தச்சரின் பெயரை வாசித்தார்கள். மூன்று மலைக்குக் கேட்டது. அன்றிலிருந்து அந்த மனிதர் யார் வணக்கம் சொன்னாலும் பாதிதான் திருப்பிச் சொல்கிறார்.

"உரிமையாளர்... லெபுசா," என்று லெபுசா கூண்டுக்குள் சொல்லிப் பார்த்தார். தகரக் கூரையில் பட்டு நன்றாகவே ஒலித்தது. இன்னும் கொஞ்சம் கனமாக நாலைந்து தடவை சொன்னார். கோழிகள் மூலையில் ஒண்டிக்கொண்டன.

குதிரைக்குப் பஞ்சமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லோ என்பவரிடம் இரண்டு வயதுக் குட்டி ஒன்று இருந்தது. தாயும் தகப்பனும் பத்திரம் உள்ளவை. பதிவு அதிகாரி வந்து எழுதிவிட்டால் குட்டிக்கும் பத்திரம் வந்துவிடும். செல்லோ அதற்கு ஆடு கேட்டார். ஆடு மாதிபுவோவுடையது. இங்கேதான் லெபுசாவின் மூளை வேலை செய்தது. குதிரை உனக்குத்தான் என்று சொல்லி ஆட்டை வாங்குவது, பத்திரத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்வது. முத்திரை குத்திய காகிதம் எது வந்தாலும் மாதிபுவோ படிக்காமலே தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவள். திட்டத்தை மூன்று நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையே தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தார். மாதிபுவோ மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உன் முட்டிவலியைப் பாத்தா எனக்கு மனசே தாங்கல."

"எந்த முட்டி?"

"ரெண்டும்தான்."

"எனக்கு வலிக்கிறது இடுப்பு, ந்தாத்தே." மாதிபுவோவின் வாயிலிருந்து இந்த மரியாதைச் சொல் எப்போதும் லேசாக இடித்துக்கொண்டுதான் வரும்.

"இடுப்புக்கும் குதிரை நல்லதுதான்."

"குதிரையா?"

"செல்லோகிட்ட ஒரு குட்டி இருக்கு. சுத்தமான ஜாதி. மாவு மில்லுக்கு நீ நடக்கவே வேண்டாம். நாலு ஆடு கொடுத்தா போதும்."

"ஆடு யாரோடது?"

"உன்னோடது. குதிரையும் உன்னோடது. உன் பொருளைக் கொடுத்து உன் பொருளை வாங்குற. நடுவுல நான் யாரு, வெறும் கை."

மாதிபுவோ களியை இரண்டு சுற்றுக் கிண்டினாள். "எனக்கே எனக்கா?"

"உனக்கே உனக்கு."

"இதை மொரேனா முன்னாடி சொல்லுவீங்களா?"

மொரேனா என்றால் ஊர்த் தலைவர். அப்போது அந்த நாற்காலியில் இருந்தது மாநேவோ என்ற அம்மாள். புருஷன் போனபின் ஊரை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மொரேனா முன்னால் பேசு என்றால் வேறு யாராவது யோசிப்பார்கள். லெபுசாவுக்குப் பேசச் சொன்னால் யோசிக்க வராது.

ஞாயிற்றுக்கிழமை மாதிபுவோ கோழியடித்து மொரேனாவையும் பத்துப் பெண்களையும் சாப்பிடக் கூப்பிட்டாள். லெபுசா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்தார். இருபத்தெட்டு வருஷமாக இவள் என் சுமையைச் சுமந்தாள், இனிமேல் இவளை ஒரு குதிரை சுமக்கட்டும் என்று தொடங்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். குலவை கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குதிரையின் வாலில் ஒரு முடிகூட எனக்குச் சொந்தமில்லை என்று முடித்தார். முடிக்கும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. மாதிபுவோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததை லெபுசா கவனிக்கவில்லை.

குதிரைக்குப் பதிவு எழுத வேண்டுமானால் உரிமையாளர் இன்னார் என்று மொரேனாவின் முத்திரைக் கடிதம் வேண்டும். அடுத்த வாரம் லெபுசா தனியாகப் போய் நின்றார். உரிமையாளருக்கு ஒரு கடிதம் வேணும் என்றார். பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எல்லாம் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும் என்று மொரேனா கையமர்த்திவிட்டார். எதிரே நிற்பது நான், வேறு யார் பேரை எழுதப்போகிறார் என்று லெபுசாவும் விட்டுவிட்டார். மொரேனா நிதானமாக எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். வாங்கித் தொப்பிக்குள் செருகிக்கொண்டார். நாலு நாள் அந்தத் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

பதிவு நாளன்று செல்லோவின் பட்டிக்கு மாதிபுவோவும் வந்தாள். நான்கு ஆடுகளையும் அவளே ஓட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நடந்து வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து பின்னலை எடுத்தாள். பதிவு அதிகாரி பேக்கோ ஏற்கெனவே வந்திருந்தார். ஒல்லியான ஆள். கையில் அளவுகோல், காதில் பென்சில். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பேக்கோவிடம் இருந்த படிவத்தில் ஒரு வெற்றுக் குதிரையின் படம் அச்சிட்டிருந்தது. எதிரே நிற்கிற குதிரையின் வெள்ளை, சுழி, தழும்பு எல்லாவற்றையும் அந்தப் படத்தில் வரைய வேண்டும். லெபுசா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். செம்பழுப்புக் குட்டி. நெற்றியில் கோணல் வெள்ளை. பேக்கோ சுற்றிச் சுற்றி வந்து நெற்றியில் ஒரு சுழி, கழுத்தில் இடப்பக்கம் ஒரு சுழி என்று முணுமுணுத்து எழுதினார். காலைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். தோளைத் தடவி உதட்டைப் பிதுக்கினார்.

இதற்குள் குட்டி லெபுசாவின் தொப்பியை எட்டிக் கவ்விவிட்டது. தொப்பி வைக்கோல், அதற்குப் பசி. உள்ளே கடிதம். லெபுசா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்தார். அது ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். செருப்பு கழன்று சாணியில் போனது, கட்டைவிரலில் மிதி வாங்கினார், விடவில்லை. கடைசியில் பாதித் தொப்பியைப் பறிகொடுத்து முழுக் கடிதத்தையும் மீட்டார். அதைத் தின்ன விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"உரிமையாளர்?" என்றார் பேக்கோ.

"லெபுசா." கூண்டில் பழகிய அதே குரல்.

"கடிதம்."

லெபுசா எச்சில் வழிந்த உறையை நீட்டினார். பேக்கோ பிரித்துப் படித்தார். லெபுசாவைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"மாதிபுவோன்னு போட்டிருக்கே."

"மொரேனா ஏதோ ஞாபகத்துல தப்பா எழுதிட்டாங்க."

"கீழயும் ஒரு வரி இருக்கு. 'வாலில் ஒரு முடிகூடக் கணவருக்குச் சொந்தமில்லை. இது அவர் வாயாலேயே சொன்னது.'"

லெபுசா திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் பின்னலில் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அது," என்றார்.

"அப்படியா? அப்ப மொரேனா முன்னாடி பொய் சொன்னேன்னு இந்த அதிகாரிகிட்ட சொல்லிடுங்க ந்தாத்தே. எழுதிக்குவாரு. நான் ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கிளம்புறேன்."

"எப்பேர்ப்பட்ட ஆளு நீ. முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"கோழிக்கூண்டுக்குள்ள 'உரிமையாளர் லெபுசா'ன்னு அஞ்சு தடவை கத்துனீங்க. ரெண்டு நாள் ஒரு கோழிகூட முட்டை போடல. தெரியாம இருக்குமா?"

லெபுசா குட்டியைப் பார்த்தார். அது மீதித் தொப்பியையும் எதிர்பார்த்து அவர் தோளில் மூக்கைத் தேய்த்தது. சூடான மூச்சு. உண்மையைச் சொல்வதென்றால் ஒலிபெருக்கி, தச்சர் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குட்டி அவர் மனசுக்குள் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஆட்டோடு வீடு திரும்ப அவரால் முடியாது. அவள் பேரையே போடுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பேக்கோ போட்டார்.

"குதிரையின் பெயர்?"

லெபுசாவுக்கு மண்டைக்குள் பளிச்சென்றது. உரிமையாளர் போனால் போகட்டும். ஒலிபெருக்கியில் முதலில் வருவதே குதிரையின் பெயர்தானே.

"லெபுசா," என்றார்.

செல்லோ இருமினார். பேக்கோவின் பென்சில் நின்றது. உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்று மாதிபுவோவின் பக்கம் திரும்பினார்.

"தாராளமா போடுங்க," என்றாள் அவள். இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. லெபுசா அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும். அவர் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் குட்டியின் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தார்.

ரத்தம் சுத்தம்தான், ஆனால் தோள்கட்டு போதாது, இனவிருத்திக்கு அனுமதி கிடையாது என்றார் பேக்கோ. அப்படியென்றால் காயடித்துவிடுங்கள் என்று, முட்டைக்காரனிடம் ஒரு டஜன் கொடு என்கிற குரலில் மாதிபுவோ சொன்னாள். கடைசிக் கட்டம் குணம். அவள் குதிரையை ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்தில் நின்ற கணவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பேக்கோவைக் கிட்டத்தில் கூப்பிட்டு மெல்லச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அவர் உதடு கொஞ்சம் துடித்ததாகச் செல்லோ இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

பத்திரம் வந்தது. தகரப் பெட்டிக்குள் போனது.

ஜூலை வந்தது. செமொன்கொங் திடலில் கூட்டம் நெரிந்தது. லெபுசா புதுத் தொப்பியோடு, தச்சருக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து நின்றார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்த குதிரை, லெபுசா."

மூன்று மலைக்குக் கேட்டது. லெபுசாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தொப்பியைக் கழற்றித் தச்சரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"லெபுசா. நெற்றியில் கோணல் வெள்ளை. கழுத்தில் ஒரு சுழி. காயடிக்கப்பட்டது."

தச்சர் மெதுவாகத் திரும்பினார்.

"குணம்: சாது. சொன்னதைக் கேட்கும், ஆனால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். தீனி நேரத்துக்குத் தானாக வந்துவிடும். தனியாக விட்டால் தனக்குத்தானே கத்தும். உரிமையாளர், மாதிபுவோ."

மலையெல்லாம் சிரித்தது. குதிரை இரண்டாவதாக வந்தது, பரிசுகூட உண்டு. அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அடுத்த வாரம் மாவு மில்லில் நின்றால் காயம் ஆறிவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் எந்தச் சொல்லையும் அவரிடம் இரண்டு தடவை சொல்கின்றன. மொரேனாவே ஒருநாள் வழியில் பார்த்து, தீனி ஆச்சா என்று கேட்டுவிட்டார்.

தாங்க முடியாமல் லெபுசா பேக்கோவைத் தேடிப் போனார். குதிரையின் பெயரை மாற்ற வேண்டும் என்றார். மாற்றலாம், உரிமையாளர் கேட்டால் என்றார் பேக்கோ. போன வேகத்தில் லெபுசா வீட்டுக்குத் திரும்பினார்.

மாதிபுவோ முற்றத்தில் குதிரைக்குத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். மில்லுக்குப் போய் வந்த குதிரை, இடுப்புவலி போன மனைவி. லெபுசா விஷயத்தைச் சொன்னார், கெஞ்சினார், கோழிக்கூண்டை இனி சொல்லாமலே கழுவுவதாகச் சத்தியம் செய்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அது இந்தப் பேருக்கு நல்லாப் பழகிடுச்சு ந்தாத்தே, பாவம், குழம்பிடும். நீங்க வேணா உங்க பேரை மாத்திக்குங்க. மொரேனாகிட்ட கடிதம் நான் வாங்கித் தரேன்."