மேட்டுச் சாலையில் ஆறு புள்ளிகள்

வெர்னாவின் படத்துக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

ஏரிக்கரை நகரான ஹார்ஸ்டட்டில், பனி தள்ளும் வண்டிகளின் பணிமனைச் சுவரில் அந்தப் படத்தை மாட்டியவர் மேலாளர் எல்வுட் டோர்க்கில்சன். மேலே 'இந்த வாரத்தின் சிறந்த ஓட்டுநர்' என்று எழுதியிருந்தது. ஆறு ஓட்டுநர்களில் பெக்காவும் இன்னொருவரும் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்கு உற்சாகம் ஊட்டாவிட்டால் மேலாளரையே மாற்றிவிடுவோம் என்று நகரமன்றம் கடிதம் அனுப்பியிருந்தது.

"யார் வரைஞ்சது?" என்றார் எல்வுட்.

"நான்தான்" என்றாள் வெர்னா. "அதைக் கழட்டிடுங்க. 'சிறந்தவங்க முதல்ல போங்க'ன்னு சொல்லிட்டு இவனுங்க காப்பி குடிக்க உக்காந்துடறானுங்க."

எல்வுட் ஆறு பேரின் படங்களையும் மாட்டினார். எல்லாரும் சிறந்தவர்கள் என்றால் மோசம் யார் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. படங்களைக் கழற்றிவிட்டு, காலையில் எல்லாரையும் வட்டமாக நின்று குதித்துக் கோஷம் போடச் சொன்னார். இரண்டாம் நாளே மூத்த ஓட்டுநர் ரூடிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"முப்பது வருஷப் பனியில போகாத இடுப்பு, உங்க உற்சாகத்துல போயிடுச்சு!"

கடைசியாக வயர்லெஸ்ஸைப் பிடித்தார். வண்டிகள் ஓடும்போது அரை மணிக்கொரு முறை ஊக்க உரை. முதல் நாளே பெக்கா ஒரு வீட்டின் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தான்.

"முடியும், முடியும்னு காதுக்குள்ள கத்தினீங்க. முடிச்சிட்டேன்."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏரியிலிருந்து புயல் ஏறி வந்தது. ஜன்னலுக்கு வெளியே வானம், தெரு, எதிர்வீடு எல்லாம் போய் வெள்ளை மட்டும் நின்றது. ஆறு வண்டிகளும் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டன. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ரூடியும் போயிருந்தார். அலுவலகத் திரையில், செயற்கைக்கோள் காட்டியபடி, வண்டிக்கு ஒன்றாக ஆறு மஞ்சள் புள்ளிகள் ஊர்ந்தன.

எட்டு மணிக்கு எல்வுட் மைக்கை எடுத்தார். "யாரும் பதில் பேச வேணாம். கேட்டுக்கிட்டே ஓட்டுங்க!"

யாரும் பதில் பேசவில்லை. முதல்முறையாகக் கீழ்ப்படிகிறார்கள்! அவர் பேசினார். புள்ளிகள் ஓடின. ஒரு தெரு முடிந்ததும் அடுத்தது, ஒருவர் விட்ட ஓரத்தை இன்னொருவர் அள்ளிக்கொண்டு, ஒரே கையின் விரல்கள் போல. எல்வுட்டுக்கு நெஞ்சு விம்மியது. தன் சொல்லுக்கா இத்தனை வலிமை?

"மேலே! இன்னும் மேலே! சிகரம் உங்களுக்காகக் காத்திருக்கு!"

ஆறு புள்ளிகளும் ஏரிக்கரையை விட்டுத் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக மருத்துவமனை மேட்டில் ஏறத் தொடங்கின. எல்வுட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது தொலைபேசியை வைத்த எழுத்தர் மார்யோ பதறினாள். "ஆம்புலன்ஸ் ஒண்ணு மேட்டடியில சிக்கியிருக்காம். உள்ள ஒரு பொண்ணு, பிரசவ வலி!"

எல்வுட் திரையைக் காட்டினார். அந்தச் செங்குத்துச் சாலையில், கண் தெரியாத வெள்ளைக்குள், ஆறு புள்ளிகள் நிற்காமல் ஏறின. மார்யோவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இருபது நிமிடத்தில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது: பெண் குழந்தை, தாயும் நலம்.

மதியம் புயல் தணிந்தது. உறைபனி ஒட்டிய புருவங்களோடு ஆறு பேரும் திரும்பினார்கள். எல்வுட் கண்கள் கலங்க வாசலில் நின்றார்.

"ஆம்புலன்ஸை வெர்னாதான் பார்த்தா" என்றார் ரூடி. "விளக்கை அடிச்சு எங்களைக் கூப்பிட்டா. ஆனா எல்வுட், இன்னைக்கு நீங்க செஞ்சதுதான் பெரிய விஷயம்."

"இங்க இப்படி ஒரு நாள்கூட நான் வேலை பார்த்ததில்ல" என்றாள் வெர்னா.

எல்வுட் நெஞ்சில் கை வைத்தார். "இனிமே தினமும் இப்படித்தான்."

"சத்தியமா?" என்றான் பெக்கா. "அப்போ நாங்க ரெண்டு பேரும் வேற வேலை தேடல. இங்கயே இருந்துடறோம்."

எல்வுட் அவன் கையைப் பற்றிக் குலுக்கினார். கதவு திறந்தது. கருவிப்பையோடு ஒரு பெண் உள்ளே வந்து காலணியிலிருந்த பனியை உதறினாள்.

"மன்னிச்சிடுங்க, ரோடு திறந்தப்புறம்தான் வர முடிஞ்சுது. உங்க வயர்லெஸ் கம்பம் முறிஞ்சு விழுந்துடுச்சுன்னு காலையில ஏழு மணிக்கே எங்க ஆபீஸ்ல அலாரம் அடிச்சுது. அப்போலேர்ந்து யாருக்கும் ஒரு வார்த்தை கேட்டிருக்காது!"