வாசலில் நிற்காத வண்டி

மோகனூர்
16-2-1928

ஜேடர்பாளையம் ம-ள-ள-ஸ்ரீ செல்லமுத்து அவர்களுக்கு, மோகனூர் அர்த்தநாரி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. சம்பந்தி என்று எழுதத்தான் கை போகிறது. உங்கள் உத்தரவில்லாமல் எழுதக்கூடாது. இங்கே நாங்களும் மாடுகளும் சுகம். அங்கே உங்கள் சுகத்தைக் கெடுத்தவனே நான் என்பதால் விசாரிக்க வாய் வரவில்லை.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதிசெய்யத் தட்டுகளோடு புறப்பட்டோம். வண்டி எங்களுடையது, மாடுகள் என் மச்சினன் வீரபாகுவிடம் இரவல் வாங்கியவை. அவன் ஜெர்மன் சண்டையில் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போய்வந்தவன். ஓட்டியது மாப்பிள்ளைப் பையன் சண்முகவேல். உங்கள் தெருவில் மேளம் கேட்டது, பந்தல் தெரிந்தது, உங்கள் சம்சாரம் முத்தாயம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றதும் தெரிந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை. நிறுத்துடா என்று கத்தினேன். "பட்டாளத்து மாடுங்கப்பா. மாமன் இங்கிலீசுல பழக்கி வெச்சிருக்காரு. அந்த வார்த்தை சொன்னாத்தான் நிக்குமுங்க, எனக்கு மறந்துபோச்சு" என்றான். முத்தாயம்மாள் தட்டோடு பின்னால் ஓடிவந்ததைப் பார்க்க எங்களுக்கே சகிக்கவில்லை.

அணைக்கட்டருகே தண்ணீரைக் கண்டு மாடுகள் தாமாக நின்றன. இறங்கி நடந்து வந்திருக்கலாமே என்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தால் உங்களுக்கல்லவா குறைச்சல்? ஆகையால் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்துக் கேட்டேன். நடக்கிறவனை அந்த இடத்திலேயே நிற்கவைக்க இங்கிலீசில் ஹால்ட் என்று ஒரு சொல் இருக்கிறதாம். ஒரு தரம்தான் சொல்ல வேண்டுமாம், அடிவயிற்றிலிருந்து சொல்ல வேண்டுமாம், கெஞ்சினால் பலிக்காதாம். வண்டியைத் திருப்பினோம். உங்கள் வாசல் வந்ததும் நானும் என் சம்சாரமும் கூட வந்த பெண்டுகள் ஐந்து பேரும் ஒரே குரலில் ஹால்ட் என்றோம். மேளம் நின்றது. பந்தலில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த உங்கள் பங்காளி, முன்னாள் சிப்பாயாம், விறைத்து நின்று சலாம் போட்டார். மாடுகள் போய்க்கொண்டே இருந்தன. "வெள்ளைக்காரன் கொரலு வேணுமுங்கப்பா" என்றான் சண்முகவேல். மூன்றாம் தரம் திருப்பச் சொல்ல ஒருவருக்கும் முகமில்லை.

வாசலைத் தாண்டிப் போனவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லியனுப்பினீர்கள். அதைக் கேட்டதிலிருந்து என் சம்சாரம் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் மகளைப் போல் ஒரு பெண் எங்களுக்கு இனி வாய்க்காது. எனக்கும் நெஞ்சு ஆறவில்லை. குற்றமெல்லாம் அந்த இங்கிலீசு வார்த்தையுடையது. பெரிய மனசு பண்ண வேண்டும். வீட்டில் மூத்தவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அர்த்தநாரி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மாடுகளைக் கொண்டுபோக வீரபாகு வந்தான். நடந்ததைச் சொன்னேன். "மாட்டுக்கு இங்கிலீசா? எனக்குச் சொல்லிக் குடுக்கவே ஆறு மாசமாச்சுங்க மச்சான்" என்று சிரித்து, மாடுகளை நாலடி நடக்கவிட்டுக் கயிற்றை லேசாக இழுத்தான். இரண்டும் நின்றன. சண்முகவேலைக் கூப்பிட்டு, பெண் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றான். பின்னே ஏண்டா நிறுத்தவில்லை என்றேன். "நிறுத்துனா அத்தனை பேரு முன்னால எறங்கோணுமில்லீங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிடவும். வேறு எழுதக் காகிதம் இல்லை. உங்கள் உத்தரவு வந்தால், அவனைப் பெண்டுகள் நடுவில் உட்காரவைத்து நானே ஓட்டிவருகிறேன்.