ஐந்து குஞ்சும் ஒரு கூண்டும்

ஒரு விடுகதை. வீட்டுக்குள் இருக்கும்வரை வாயே திறக்காது. வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் வாயே மூடாது. அது என்ன?

"நீங்கதான்" என்றாள் என் மனைவி. விடை கோழிக்குஞ்சு.

நான் தையல்காரன். முன்னறையில் கடை, பின்கட்டில் ஒரு ஜோடி பேண்டம் கோழி. குட்டை இனம். சேவல் என் இஸ்திரிப்பெட்டி உயரம்தான். வீராப்பு மட்டும் பீரோ உயரம்.

பெட்டை அடைகாத்து ஐந்து குஞ்சு பொரித்தது. ஐந்தும் கரிக்கறுப்பு. கூண்டில் இன்னும் ஒன்றுக்குத்தான் இடம். மற்ற நாலையும் மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவதாகப் பேச்சு. அவரும் பேண்டம் பிரியர்.

எது தங்குவது?

"குழந்தை தேர்ந்தெடுக்கட்டும்" என்று தீர்ப்பளித்தாள் மனைவி. எங்கள் மகளுக்கு ஆறு வயது.

எனக்கு வேண்டியது முதலில் பொரித்த வீரன். நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். கோழிக் கண்காட்சியில் பரிசு நிச்சயம். மனைவிக்கு வேண்டியது கடைசியாகப் பொரித்த கோணக்காலி. அதன் கோணல் விரலுக்குத் தினமும் பிளாஸ்திரி மாற்றி, மடியில் வைத்து ஊட்டியவள் அவள்தான்.

"மருந்துக்கடைக்காரர் வீட்டுல முப்பது கோழிங்க. இதைக் கொத்தியே தீர்த்துடும்."

"காலு கோணலா இருக்கிறதை யாராவது வெச்சுக்குவாங்களா?"

"உங்க முன்பல்லு கோணல்தான். நான் கழுத்தை நீட்டலையா?"

வாயை மூடிக்கொண்டேன். பல்லும் மறைந்தது.

பேச்சில் தோற்றவன் தொழிலில் இறங்கினேன். அடையாளத்துக்காக ஒவ்வொரு குஞ்சின் காலிலும் ஒரு நிற நூல் கட்டியிருந்தேன். மகளுக்குச் சிவப்பு என்றால் உயிர். அதனால் சிவப்பு, வீரனுக்கு. திங்கட்கிழமை பார்த்தால் சிவப்பு கோணக்காலியிடம் இருக்கிறது!

"யாரு மாத்தினது?"

"கால் தடிச்சா நூலைத் தளர்த்திக் கட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? கட்டினேன்."

"நிறம் மாறியிருக்கே!"

"அஞ்சும் கறுப்பு. எது எதுன்னு எனக்கென்னங்க தெரியும்?"

தினமும் பிளாஸ்திரி போடுகிறவள் கேட்கிறாள்!

எல்லா நூலையும் வெட்டி எறிந்தேன். அடுத்த திட்டம் நுணுக்கமானது. மகள் பள்ளிக்குப் போனதும் கத்தரிக்கோலை இருமுறை சொடுக்குவேன். வீரன் ஓடிவந்து உள்ளங்கையில் ஏறினால் அரிசி நொய் கிடைக்கும். ஐந்தே நாளில் படித்துவிட்டான். ஞாயிறன்று மகள் கையை நீட்டும்போது ஒரு சொடுக்கு போதும்.

நொய்க் கிண்ணத்தை மனைவியே கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா ஊட்டுங்க. உங்க கையாலேயே ஊட்டுங்க."

விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிறு வந்தது. மருந்துக்கடைக்காரர் அட்டைப்பெட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மனைவி குஞ்சுகளைத் திறந்துவிட்டாள். நான் கதவோரம் நின்று சொடுக்கினேன்.

வீரன் பாய்ந்தான். மகளின் கையைத் தாண்டினான். மடியைத் தாண்டினான். அறையைக் குறுக்கே கடந்து, என் செருப்பில் ஏறி நின்று, என் கையை அண்ணாந்து பார்த்தான்.

"பார்த்தியாம்மா, எவ்வளவு சமர்த்து!" என்றேன், கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

"அது உங்களைத்தான்ப்பா தேடுது" என்றாள் மகள்.

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"உனக்கு எதும்மா வேணும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என்னைத் தேடி வர்றது."

மூன்று குஞ்சுகள் மூலைக்கு மூலை கிளறிக்கொண்டிருந்தன. கோணக்காலி அப்போதுதான் அவளை நோக்கிப் பாதி வழி வந்திருந்தது.

மகள் கோணக்காலியை எடுத்துக்கொண்டாள்.